ஒரே சைக்கிள், ஐந்து விலை

பிரிட்டனின் ‘சைக்கிள் டு வொர்க்’ திட்டம் கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. அதன் பலன் யாருக்குப் போய்ச் சேர்கிறது?

இங்கிலாந்தில் ஒரு சைக்கிள் கடை. விலைச் சீட்டில் ஆயிரம் பவுண்டு போட்ட ஒரு வண்டி. வேலைக்குப் போய்வருவதற்காக அந்த மாதிரி வண்டியை ஐந்து பேர் தங்கள் நிறுவனத்தின் மூலம் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,10,000 பவுண்டு சம்பளம் வாங்கும் மேலாளரின் பையிலிருந்து உண்மையில் போவது 380 பவுண்டு. 1,50,000 வாங்கும் இயக்குநருக்கு 530. 60,000 வாங்கும் பொறியாளருக்கு 580. 30,000 வாங்கும் அலுவலக எழுத்தருக்கு 720. பகுதி நேரம் வேலை பார்த்து 12,000 ஈட்டுபவருக்கு முழு ஆயிரம். ஆறாவதாக ஒருவர் உண்டு: அதே அலுவலகத்தை இரவில் பெருக்கித் துடைத்துவிட்டுக் குறைந்தபட்சக் கூலி வாங்குபவர். அவரால் இந்த வரிசையில் நிற்கவே முடியாது. இதில் கடைக்காரரின் ஓரவஞ்சனை எதுவும் இல்லை. 2025–26 நிதியாண்டின் வரி விகிதங்களை வைத்துக் கூட்டிக் கழித்தால் வரும் கணக்கு இதுதான்.

இந்தக் கணக்குக்கு மூலம், டோனி பிளேர் அரசு கொண்டுவந்த 1999ஆம் ஆண்டு நிதிச் சட்டம். நிறுவனம் தன் ஊழியருக்குப் பயன்படுத்தத் தரும் சைக்கிளையும், ஹெல்மெட், விளக்கு, பூட்டு போன்ற பாதுகாப்புப் பொருள்களையும் வரிக்குரிய சலுகையாகக் கருத வேண்டாம் என்று அது சொன்னது. சாலை நெரிசல் குறைய வேண்டும், காற்று சுத்தமாக வேண்டும், மக்கள் உடலை அசைக்க வேண்டும் என்பதே நோக்கம். நடைமுறை இப்படி: ஊழியர் கேட்கும் வண்டியை நிறுவனம் வாங்கி அவருக்கு வாடகைக்குக் கொடுக்கிறது, வாடகைக்கு ஈடாக ஊழியர் தன் மொத்தச் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறார். ஆயிரம் பவுண்டு வண்டி என்றால் பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு 83 பவுண்டு சொச்சம். குறைந்த சம்பளத்தின் மீதுதான் வருமான வரியும் தேசியக் காப்பீட்டுப் பிடித்தமும் விழும் என்பதால் அந்த அளவுக்கு மிச்சம். இதுவரை பத்து லட்சம் பேருக்கும் மேல் இப்படி வாங்கியிருக்கிறார்கள். கட்சி பேதமின்றி எல்லோரும் பாராட்டும் திட்டம் என்ற பெயரும் அதற்கு உண்டு. நோக்கத்தில் எனக்கும் குறை தெரியவில்லை. குறை, உதவி போகும் வழியில் இருக்கிறது. வருமான வரியைக் கழித்துக் கொடுக்கும் எந்த உதவியும், அதிக விகிதத்தில் வரி கட்டுபவரையே முதலில் தேடிப்போகும். ஆனால் ஒருவர் காரை விட்டுவிட்டு சைக்கிள் மிதித்தால் ஊருக்குக் கிடைக்கும் நன்மை, மிதிப்பவரின் சம்பளத்தைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. நன்மை ஒன்றுதான் என்றால் உதவியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

சம்பளச் சீட்டு போடும் விலை

ஐந்து விலை எப்படி வந்தது என்று பார்ப்போம். பிரிட்டனில் முதல் 12,570 பவுண்டு வருமானத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 50,270 வரை 20 விழுக்காடு, பிறகு 40, 1,25,140ஐத் தாண்டினால் 45. தேசியக் காப்பீடு இதற்கு நேர்மாறாக, நடு அடுக்கில் 8 விழுக்காடும் மேலே 2 விழுக்காடும் பிடிக்கிறது. இரண்டையும் கூட்டினால் எழுத்தருக்கு மிச்சம் 28 விழுக்காடு, பொறியாளருக்கு 42, இயக்குநருக்கு 47. இடையில் ஒரு வினோதமான பட்டை இருக்கிறது. ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியவர், கூடுதலாக ஈட்டும் ஒவ்வொரு இரண்டு பவுண்டுக்கும் ஒரு பவுண்டு வரியில்லா வரம்பை இழக்கிறார். அந்தப் பட்டையில் இருப்பவர் ஆயிரம் பவுண்டு சம்பளத்தை விட்டுக்கொடுத்தால் 620 பவுண்டு மிச்சம். ஐவரில் மிகக் குறைந்த விலைக்கு வாங்குபவர் அவரே. வரியே கட்டாதவருக்கோ கழிக்க எதுவும் இல்லாததால் ஒரு பென்னிகூட மிச்சமில்லை. ஸ்காட்லாந்தில் அடுக்குகள் வேறு. ஆனாலும் சம்பளம் ஏற ஏறச் சலுகையும் ஏறுகிறது என்ற போக்கு மாறவில்லை. ஏழைகளைக் கழித்துக்கட்ட வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. வருமானத்துக்கேற்ற வரி என்ற நியாயமான ஏற்பாட்டைத் தலைகீழாகப் பிடித்தால் வருமானத்துக்கேற்ற பரிசு ஆகிவிடுகிறது, அவ்வளவுதான்.

குறைந்தபட்சக் கூலிக்காரர் வெளியே நிற்பதும் இப்படி நேர்ந்த விபத்தே. சம்பளத்தை விட்டுக்கொடுத்த பிறகு மிஞ்சும் தொகை சட்டக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. தொழிலாளியைக் காப்பாற்ற வந்த நல்ல விதி அது. 2025–26இல் 21 வயது நிரம்பியோருக்கான கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. வாரம் முப்பத்தேழரை மணி நேரம் உழைப்பவர் ஆயிரம் பவுண்டு வண்டியை ஓராண்டுத் தவணையில் எடுக்க வேண்டுமானால், அந்தக் கூலிக்கு மேல் மணிக்கு 51 பென்ஸாவது கூடுதலாக வாங்க வேண்டும். பராமரிப்பு இல்லத்தில் முதியோரைக் கவனிப்பவர், கிடங்கில் பெட்டி தூக்குபவர், ஓட்டலில் படுக்கை விரிப்பவர் எனப் பலர் இந்த 51 பென்ஸுக்குக் கீழேதான் இருக்கிறார்கள். விடியற்காலையில் பேருந்து ஓடாத நேரத்தில் வேலைக்குப் போக வேண்டியவர்களும், கார் வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாதவர்களும் இவர்களில்தான் அதிகம்.

சுயதொழில் செய்பவர்களுக்கும் திட்டத்தில் இடமில்லை, ஏனெனில் சம்பளத்தைப் பிடித்துக் கொடுக்க அவர்களுக்கு நிறுவனம் இல்லை. சைக்கிளில் உணவுப் பொட்டலம் கொண்டுசெல்லும் டெலிவரூ ஊழியர்களுக்கும் அந்நிறுவனத்துக்கும் இடையே இருப்பது வேலையளிப்பு உறவு அல்ல என்று 2023 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நாள் முழுக்க சைக்கிள் மிதித்தே பிழைப்பவர், சைக்கிள் சலுகைத் திட்டத்துக்கு வெளியே நிற்கிறார். தொழிலுக்கான செலவாகக் கணக்குக் காட்டி, லாபத்திலிருந்து வண்டி விலையை அவர் கழித்துக்கொள்ளலாம்தான். வரி கட்டும் அளவுக்கு லாபம் இருந்தால்தான் அதுவும் உதவும்.

உள்ளே வந்தவருக்கு என்ன கிடைக்கிறது?

திட்டத்துக்குள் வந்துவிட்ட நடுத்தரச் சம்பளக்காரருக்காவது விளம்பரம் சொல்லும் லாபம் முழுதாகக் கிடைக்கிறதா? பன்னிரண்டு மாத வாடகை முடிந்ததும் வண்டி ஊழியருக்குச் சொந்தமாகிவிடாது. அது நிறுவனத்துக்கோ இடைத்தரகு நிறுவனத்துக்கோ உரியது. சொந்தமாக்கிக்கொள்ள அன்றைய மதிப்பைக் கொடுக்க வேண்டும். வரித்துறை வகுத்த அட்டவணைப்படி, 500 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு ஓராண்டு முடிவில் மதிப்பு விலையில் 25 விழுக்காடு. 720 பவுண்டு கொடுத்து முடித்த எழுத்தர் மேலும் 250 கொடுத்தால் மொத்தம் 970. ஆயிரத்தில் முப்பது பவுண்டுதான் மிச்சம்! அதனால்தான் பெரும்பாலான திட்டங்கள் ஒரு சுற்றுவழியைக் கையாளுகின்றன. 7 விழுக்காட்டை முன்பணமாகக் கட்டி, வாடகையில்லாமல் இன்னும் மூன்று ஆண்டு வைத்துக்கொண்டால், நான்காம் ஆண்டு முடிவில் வண்டியின் மதிப்பு அட்டவணைப்படி அந்த 7 விழுக்காடுதான், கணக்கு நேராகிவிடும். அந்த வழியில் போனால் எழுத்தரின் மொத்தச் செலவு 790. ஆக, உண்மையான சலுகை 28 விழுக்காடு அல்ல, 21.

இந்த ஏற்பாட்டில் மற்றவர்களின் பங்கையும் பார்க்க வேண்டும். ஊழியரின் சம்பளம் குறைவதால் நிறுவனமும் தன் பங்குக்கு 15 விழுக்காடு தேசியக் காப்பீட்டைச் சேமிக்கிறது. ஆயிரம் பவுண்டுக்கு 150. அதை ஊழியருக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இடைத்தரகு நிறுவனங்கள் கடைக்காரரிடம் கமிஷன் வாங்குகின்றன. சில நேரம் அது விலையில் பத்து விழுக்காட்டையும் தாண்டுகிறது. சிறு கடைக்காரர் அதை எங்கே ஈடுகட்டுவார்? தள்ளுபடி விலை வண்டிகளைத் திட்டத்தில் சேர்க்க மாட்டேன் என்பார், அல்லது விலையில் ஏற்றிவைப்பார். அரசு விட்டுக்கொடுக்கும் வரிப்பணம் கடைசியில் சைக்கிள் ஓட்டுபவரிடம் வந்து சேர்வதற்குள் வழியிலேயே கசிகிறது. மகப்பேற்று ஊதியம், ஓய்வூதியப் பங்களிப்பு போன்றவை மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படும்போது அவையும் குறைய வாய்ப்புண்டு. சம்பளம் குறைந்தவரைத்தான் இது அதிகம் உறுத்தும்.

விற்றது வேறு, ஓடியது வேறு

பங்கீடு எப்படியிருந்தாலும் பலன் வந்தால் போதாதா என்று கேட்கலாம். அதற்கும் கணக்கு இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்கு சைக்கிளில் சென்றவர்கள் உழைப்போரில் 2.8 விழுக்காடு. பத்து ஆண்டு கழித்து, திட்டம் நாடெங்கும் பரவிய பிறகு, 2011இல் எண்ணிப் பார்த்தபோதும் அதே 2.8. தலைக்கணக்கில் ஏறத்தாழ 90,000 பேர் கூடி 7,41,000 ஆகியிருந்தது. ஆனால் உழைப்போர் தொகையும் கூடியதால் பங்கு நகரவில்லை. அந்தக் கூடுதலிலும் மிகப் பெரும்பகுதி லண்டனுடையது: அங்கே 77,000 பேர் 1,55,000 ஆனார்கள். கேம்பிரிட்ஜில் நூற்றுக்கு 29 பேர் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். வரிச் சலுகை எல்லா ஊருக்கும் ஒன்றுதான். விளைவு மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது. லண்டன் 2003இல் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் விதித்தது. கேம்பிரிட்ஜ் சமதளமான ஊர். நடுநகரில் கார் போகும் வழிகளை அது கட்டுப்படுத்தியிருந்தது. திட்டத்தால் யாருமே மாறவில்லை என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. அது இல்லாவிட்டால் பங்கு சரிந்திருக்கவும் கூடும். ஆனால் ஒருவர் சைக்கிளில் ஏறுவதையும் ஏறாததையும் தீர்மானிப்பதில் வண்டியின் விலையைவிடச் சாலையின் நிலைக்கும் கார் ஓட்டுவதன் செலவுக்கும் பங்கு பெரிது என்று சொல்ல இவ்வளவு போதும். சைக்கிள் ஓட்டாத பிரிட்டிஷ்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் காரணமும் சாலையைப் பற்றிய அச்சமே.

அப்படியானால் விலைச் சலுகை யாருக்குத்தான் உதவும்? விலையே தடையாக இருப்பவருக்கு. லட்சம் பவுண்டு சம்பளக்காரருக்கு ஆயிரம் பவுண்டு வண்டி ஒரு தடையே அல்ல. சலுகை இல்லாவிட்டாலும் அவர் வாங்கியிருப்பார், சலுகை இருப்பதால் இன்னும் உயர்ந்த ரகத்தை வாங்குவார். 2019 வரை ஆயிரம் பவுண்டுக்கு உட்பட்ட வண்டிகளே பெரும்பாலும் திட்டத்தில் வந்தன. அந்த வரம்பு வரிச் சட்டத்தில் இருந்ததல்ல. கடன் வழங்குவதற்கான பொது உரிமத்தின் எல்லையாக வந்தது. அந்த ஆண்டு அரசு வழிகாட்டியைத் திருத்தியதும் உரிய அனுமதி பெற்ற நிறுவனங்களின் வழியாக எவ்வளவு விலையுள்ள வண்டியையும் எடுக்க முடிந்தது. மின்சார சைக்கிளும், பாரம் சுமக்கும் வண்டியும், மாற்றுத்திறனாளிகளுக்கான மூன்று சக்கர வண்டியும் ஆயிரத்துக்குள் அடங்காது என்பதால் அந்தத் திருத்தம் தேவைதான். அதே கதவு வழியாகப் பந்தய சைக்கிளும் உள்ளே வந்தது. பயன்பாட்டில் பாதிக்கு மேல் வேலைக்கான பயணமாக இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆனால் ஓட்டிய கணக்கை எழுதிவைக்க வேண்டிய அவசியம் ஊழியருக்கு இல்லை.

மறுப்புகளுக்குப் பதில்

‘அதிக வரி கட்டுபவருக்கு அதிகக் கழிவு கிடைப்பதில் என்ன தவறு? அது அவர் பணம்தானே’ என்பது முதல் மறுப்பு. வருமானம் ஈட்டுவதற்குத் தவிர்க்க முடியாத செலவு என்றால் இந்த வாதம் நிற்கும். ஆனால் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் செலவை பிரிட்டிஷ் வரிச் சட்டம் அப்படிக் கருதுவதே இல்லை. ரயில் சீசன் டிக்கெட்டை ஊழியர் வரி கட்டிய பணத்தில்தான் வாங்குகிறார். சைக்கிளுக்கு மட்டும் விலக்கு தருவது ஒரு பொது நோக்கத்துக்காக அரசு மனமறிந்து செய்யும் உதவி. பொது நோக்கத்துக்குத் தருவதை அந்த நோக்கத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். பெறுபவரின் வரி அடுக்கை வைத்து அல்ல.

‘கார் ஓட்டுபவர்கள் வசதியானவர்களே, அவர்களை மாற்றினால்தானே நெரிசல் குறையும்’ என்பது இரண்டாவது. பாதி உண்மை. ஆனால் அவர்களை மாற்ற விலைச் சலுகை பலமில்லாத கருவி என்பதை மேலே பார்த்தோம். பாதுகாப்பான தடம், அலுவலகத்தில் குளிக்கவும் வண்டியைப் பூட்டவும் இடம், கார் நிறுத்தக் கட்டணம் ஆகியவையே அவர்களை அசைக்கும். நாட்டிங்ஹாம் நகரம் 2012 முதல் பதினொன்று அல்லது அதற்கு மேற்பட்ட கார்களுக்கு இடம் வைத்திருக்கும் நிறுவனங்களிடம் வரி வசூலித்து, அந்தப் பணத்தை டிராம் உள்ளிட்ட பொதுப் போக்குவரத்துக்குச் செலவிடுகிறது. வசதியானவரின் பழக்கத்தை மாற்ற அது நேரான வழி.

மூன்றாவது மறுப்புக்கு வலு அதிகம்: ‘காருக்கு இதைவிடப் பெரிய சலுகை இருக்கும்போது சைக்கிளைப் போய் நோண்டுவானேன்?’ உண்மைதான். எரிபொருள் வரி 2011 முதல் உயர்த்தப்படவே இல்லை. 2022இல் லிட்டருக்கு ஐந்து பென்ஸ் குறைக்கவும் பட்டது. சம்பளத்தை விட்டுக்கொடுத்து மின்சாரக் கார் எடுப்பவர் 2025–26இல் அதன் பட்டியல் விலையில் 3 விழுக்காட்டுக்கு மட்டுமே வரி கட்டினார். 40,000 பவுண்டு காருக்கு 40 விழுக்காடு அடுக்கில் ஆண்டுக்கு 480 பவுண்டு. ஜெர்மனியும் 2012இல் நிறுவன சைக்கிளை நிறுவனக் காரின் வரி விதிக்குள் கொண்டுவந்து, பிறகு அதை இன்னும் தளர்த்தியது. சைக்கிளைக் காரின் வழியிலேயே நடத்தினால் காரின் அநீதியும் சேர்ந்தே வரும் என்பதற்கு இவை சாட்சி. ஆகவே சலுகையை எடுத்துவிடு என்று நான் கேட்கவில்லை. பாதையை மாற்று என்கிறேன்.

மாற்றுப் பாதைகள் ஏற்கெனவே இருக்கின்றன. பெல்ஜியம் வாங்குவதற்குப் பணம் தருவதோடு நிற்காமல் ஓட்டுவதற்குத் தருகிறது. 2023 மே முதல் நடப்புக்கு வந்த கூட்டு ஒப்பந்தம், அதுவரை சைக்கிள் படி கிடைக்காத தனியார் துறை ஊழியருக்கும் கிலோமீட்டருக்கு 27 சென்ட் உறுதி செய்தது; 2024இல் வரியில்லாமல் தரக்கூடிய அளவு 35 சென்டாக உயர்ந்தது. தினம் பத்து கிலோமீட்டர் வீதம் ஆண்டுக்கு இருநூறு நாள் ஓட்டுபவருக்கு இந்த உயர்ந்த விகிதத்தில் 700 யூரோ. துப்புரவாளருக்கும் மேலாளருக்கும் ஒரு கிலோமீட்டருக்கு ஒரே தொகை. வண்டியை வாங்கித் தொங்கவிட்டவருக்கு ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் டென்வர் நகரம் 2022 முதல் மின்சார சைக்கிளுக்குக் கடையிலேயே கழித்துக்கொள்ளும் கூப்பன் தந்தது: பொதுவாக 400 டாலர், வருமானம் குறைந்தவர்களுக்கு 1,200. குறைந்த வருமானத்தார் மற்றவர்களைவிட அதிகத் தூரம் ஓட்டியதாகவே அங்கு நடந்த கணக்கெடுப்பு காட்டியது. போர்ச்சுகல் 2023இல் சைக்கிள் மீதான விற்பனை வரியை 23இலிருந்து 6 விழுக்காடாகக் குறைத்தது. இந்தியாவிலும் 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 ஆனது. சம்பளச் சீட்டே இல்லாத கட்டடத் தொழிலாளிக்கும் அது பொருந்தும்.

இவற்றிலும் ஓட்டை உண்டு. டென்வரில் கூப்பன்கள் வெளியான சில நிமிடங்களிலேயே தீர்ந்துபோயின. விற்பனை வரியைக் குறைத்தால் எட்டாயிரம் பவுண்டு பந்தய வண்டிக்காரருக்கே தொகைக் கணக்கில் அதிகம் மிஞ்சும். அதனால்தான் விழுக்காட்டுக் கழிவைவிட ஆளுக்கு ஒரே தொகை மேல். எழுத்தருக்கு இன்று கிடைப்பது ஆயிரத்துக்கு அதிகபட்சம் 280 பவுண்டு. வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், வரி கட்டினாலும் கட்டாவிட்டாலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை 300 பவுண்டு என்று வைத்தால் அவர் எதையும் இழக்க மாட்டார். துப்புரவாளர் புதிதாகப் பெறுவார். பொறியாளரும் இயக்குநரும் லட்சம் பவுண்டுக்காரரும் மட்டும் இன்றைவிடக் குறையப் பெறுவார்கள். அப்போது அது நிதிநிலை அறிக்கையில் செலவாகத் தெரியும், நாடாளுமன்றம் ஆண்டுதோறும் கேள்வி கேட்கும். வராத வரியாக மறைந்திருப்பதால்தான் இந்தச் சலுகை யாருக்குப் போகிறது என்று இத்தனை ஆண்டு யாரும் உரக்கக் கேட்கவில்லை.

இன்றைய திட்டத்தில் காப்பாற்ற வேண்டிய ஒன்றும் இருக்கிறது: வட்டியில்லாத் தவணை. கையில் மொத்தமாக ஆயிரம் பவுண்டு இல்லாதவருக்கு வரிக் கழிவைவிட அதுவே பெரிய உதவி. நிறுவனம் ஊழியருக்குத் தரும் கடன் 10,000 பவுண்டைத் தாண்டாவிட்டால் வட்டியில்லாச் சலுகைக்கு வரி இல்லை. கடனைத் திருப்பிப் பிடிப்பது குறைந்தபட்சக் கூலி விதியையும் மீறுவதாகாது. ஆகவே குறைந்த கூலிக்காரருக்குத் தவணையில் சைக்கிள் கொடுக்க நிறுவனங்கள் எந்தப் புதுச் சட்டத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை. சைக்கிள் திட்டத்தை விளம்பரப்படுத்தும் ஒவ்வொரு நிறுவனமும் இதையும் பக்கத்திலேயே வைக்கலாம். அரசு செய்ய வேண்டியவை இரண்டு: வரிக் கழிவை ஆளுக்கு ஒரே தொகையாக்குவது, வேலைக்குப் போய்வரும் தூரத்துக்கும் வரியில்லாப் படி தர நிறுவனங்களை அனுமதிப்பது. அலுவல் பயணத்துக்கு சைக்கிளில் போனால் மைலுக்கு 20 பென்ஸ் வரியில்லாமல் தரலாம் என்று பிரிட்டிஷ் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் மைலுக்கு மட்டும் அது பொருந்தாது. காரைக் குறைப்பதும் காற்றைக் காப்பதும் இரண்டு மைலுக்கும் ஒன்றே என்பதால், அந்த வேறுபாட்டுக்கு நியாயம் இல்லை. அதை நீக்க வேண்டும்.